ஞாயிறு நாலரை மணி

எங்கள் வீட்டில் ஒரு காரியம் நடக்க வேண்டுமென்றால் முதலில் காலண்டர் சம்மதிக்க வேண்டும். அப்புறம் அப்பா. மற்ற மனிதர்கள் அதற்கும் அப்புறம். மீனாட்சிபுரத்தில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். நான் பைக் எடுக்கப் பொள்ளாச்சிக்குப் போன அன்று, சாவி கைக்கு வந்த நேரத்தில் ராகு காலம் பிறந்துவிட்டது என்று ஒன்றரை மணி நேரம் என்னை ஷோரூமில் உட்காரவைத்தவர் அவர். கடைப் பையன்கள் மூன்று தடவை காப்பி கொடுத்தார்கள். மூன்றாவது காப்பியைக் குடிக்கும்போது எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் முழுசாக அடங்கவில்லை.

அப்பா பெயர் குப்பண்ணன். நாலு ஏக்கர் தென்னை, ஐந்து கறவை மாடு. தினமும் காலை ஐந்து மணிக்கு, காப்பிக்கு முன்னால், ஹாலில் தொங்கும் தினசரி காலண்டரில் நேற்றைய தாளைக் கிழிப்பார். இன்றைய தாளைச் சத்தமாகப் படிப்பார். "ராகு காலம் ஏழரை ஒம்பது. எமகண்டம் பத்தரை பன்னண்டு." வீட்டில் இருக்கிற எல்லோர் காதிலும் அது விழ வேண்டும். கிழித்த தாளை எறிய மாட்டார், கம்பியில் குத்தி வைப்பார். ஊர் எல்லை தாண்டி மலையாளப் பக்கம் இருப்பதால், பக்கத்திலேயே மலையாளக் காலண்டர் ஒன்றும் தொங்குகிறது. அது ஓணமும் ஸ்கூல் லீவும் பார்க்க மட்டும்.

செவ்வாய்க்கிழமை பெரிய வம்பு. மூன்று முதல் நாலரை வரை ராகு காலம், எங்கள் சாயந்திரக் கறவையோ நாலு மணிக்கு. அதற்கும் அவரிடம் ஒரு வழி இருந்தது. மூன்று மணிக்குள் ஏதாவது ஒரு மாட்டில் ஒரே ஒரு பீச்சு பீச்சிவிட வேண்டும். அப்போதே கறவை தொடங்கியதாகக் கணக்கு. மீதியை நாலு மணிக்குக் கறந்தால் குற்றமில்லை. இதை நான் வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். எங்களுக்குப் பழகிப்போய்விட்டது.

நான் சொல்ல வந்தது அவரைப் பற்றி இல்லை, என் மனைவி செல்வப்பிரியாவைப் பற்றி. ஆனால் அவரை ஒதுக்கிவிட்டு எங்கள் வீட்டில் எதைச் சொல்ல முடியும்.

பிரியா உடுமலைக்காரி. கோயமுத்தூரில் இன்ஜினியரிங் முடித்து இரண்டு வருசம் வேலை பார்த்தவள். பெண் பார்க்கப் போன அன்று என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "எனக்கு எம்.பி.ஏ. படிக்கோணுங்க. உங்க ஊட்டுல ஒத்துக்குவாங்களா?" தாராளமாக என்றேன். அந்த நேரத்தில் எந்த ஆண்பிள்ளையும் எதற்கும் தாராளமாக என்றுதான் சொல்வான். கல்யாணமான மறு வருசம் அப்பா வாய்க்கால் மேட்டில் வழுக்கி விழுந்து முழங்கால் போனது. இனிமேல் குத்தவைத்து உட்காரக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மா கமலாத்தாளுக்குக் கை நடுக்கம். நான் தேங்காய் ஏற்றும் வண்டி ஓட்டுகிறவன், விடிவதற்குள் கிளம்பிவிடுவேன். ஐந்து மாட்டுக் கறவையும் பிரியா தலையில் விழுந்தது. அதுவரை மாட்டின் பக்கத்தில்கூட நின்றிராத பெண் அவள். ஆறே மாதத்தில், வெள்ளச்சி என்கிற எங்கள் முரட்டு மாடு அவளைத் தவிர வேறு யாரையும் மடியில் கைவைக்க விடவில்லை.

நாலு வருசம் அப்படியே ஓடியது. ஒரு நாளும் அவள் என்னிடம் "சொன்னீங்களே" என்று கேட்டதில்லை. கேட்டிருந்தால் பதிலுக்கு ஒரு சண்டை போட்டு நான் தப்பித்திருப்பேன். போன வைகாசியில் அவளுக்கு இருபத்தெட்டு முடிந்தது. அன்று மத்தியானம் அப்பாவுக்குச் சோறு போட்டுக்கொண்டே நேராகக் கேட்டுவிட்டாள்.

"மாமா, எம்.பி.ஏ.வுக்கு ஒரு பரிச்சை இருக்குதுங்க. கார்த்திகையில வரும். நான் எழுதட்டுங்களா?"

"அதப் படிச்சு என்ன பண்றதம்மிணி?"

"நாம கறக்கறது மட்டுந்தாங்க மாமா நமக்குத் தெரியுது. சொசைட்டிக்குப் போன பொறகு அந்தப் பாலு என்னாகுது, ஆரு வெல வெக்கறாங்க, ஒண்ணும் தெரியறதில்ல. எனக்கு அதத் தெரிஞ்சுக்கோணும். நாமளே ஒண்ணு நடத்தோணும்."

அப்பா ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டு முடித்தார். கை கழுவி வந்து சொன்னார். "ஒருக்கா எழுது. நல்ல காலேஜு கெடச்சா போ. ஆள் வெச்சுக் கறந்துக்கலாம். கெடைக்கலீன்னா அந்தப் பேச்சோட உட்ரோணும். சரியா?"

"சரிங்க மாமா" என்றாள். ஆக, ஒரே ஒரு தடவை. அதற்கு ஐந்தரை மாதம் இருந்தது.

முதலில் ஒரு டைம்டேபிள் போட்டாள். நாலு கலர் பேனாவில் எழுதிப் படுக்கையறைக் கதவில் ஒட்டினாள். நாலே நாள். பத்து மணிக்குக் கணக்கு என்று உட்கார்ந்தால் தீவனக்காரன் வந்து நிற்பான். பதினோரு மணிக்கு ஆங்கிலம் என்றால் பக்கத்துத் தோட்டத்துப் பொங்கியண்ணன், "பிரியா, என்ற போன்ல கேஸ் புக்காக மாட்டீங்குது, சித்தெ பாரு" என்று வருவார். கதவில் ஒட்டிய தாளை யார் மதிக்கிறார்கள். அடுத்து போனில் அலாரம் வைத்தாள். அவள் மாட்டு மடியில் கைவைத்திருக்கும்போது அது அலறி, வெள்ளச்சி எட்டி உதைத்து, எட்டு லிட்டர் பால் மாட்டுச்சாளைத் தரையில் ஓடியது. அதோடு அலாரமும் போயிற்று.

அப்புறம் ஒரு நாள் மத்தியானம் காலண்டரை ஆணியிலிருந்து கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் பதறிவிட்டேன். அப்பாவைத் தவிர அதை யாரும் தொட மாட்டோம். "உனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்குது?" என்றேன். அவள் காது கொடுக்கவில்லை. தேதி எண்ணுக்குக் கீழே விரல்கடை அளவு வெற்றிடம் இருக்குமல்லவா, அதில் நீலப் பேனாவால் ஒவ்வொரு தாளாக எழுதிக்கொண்டே போனாள். கார்த்திகை வரைக்கும் எழுதினாள். முடிக்க மூன்று மத்தியானம் ஆனது.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு அப்பா தாளைக் கிழித்தார். "ராகு காலம் பன்னண்டு ஒண்ணரை. எமகண்டம் ஏழரை ஒம்பது" என்று படித்தவர் குனிந்து கீழே எழுதியிருந்ததைப் பார்த்தார். பிறகு அதே குரலில், "கணக்கு பத்து பன்னண்டு. இங்கிலீசு ஒண்ணரை மூணு" என்று படித்து முடித்துவிட்டுக் காப்பிக்கு உட்கார்ந்தார். காலண்டரில் இருந்தது, படித்துவிட்டார். அவ்வளவுதான்.

அன்றிலிருந்து அது வீட்டுச் சட்டமாகிவிட்டது. பத்து மணிக்கு யாராவது வாசலில் வண்டியை நிறுத்தினால் அப்பாவே எழுந்து போவார். "பிள்ளைக்கு இப்ப நேரமில்லீங்க. காலண்டர்ல போட்டிருக்குது, பன்னண்டுக்கு மேல வாங்க" என்பார். பொங்கியண்ணன் எங்கள் அம்மாவிடம் வந்து, அது எந்தக் கம்பெனிக் காலண்டர், தன் வீட்டுக் காலண்டரில் கணக்கு நேரமே போடவில்லையே என்று விசாரித்தாராம். அம்மா அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் சிரித்தாள்.

அந்தச் சட்டம் நிற்பதற்குப் பிரியா ஒரு விலை கொடுத்திருந்தாள். ஒரு நாள்கூட ராகு காலத்தில் படிப்பு எழுதவில்லை. வெள்ளிக்கிழமை பத்தரை முதல் பன்னிரண்டு ஆகாது என்றால் கணக்கை மத்தியானத்துக்குத் தள்ளினாள். வியாழக்கிழமை ஒன்றரை முதல் மூன்று ஆகாது என்றால் ஆங்கிலத்தைக் காலையில் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் நாலரை முதல் ஆறு ராகு காலம், அதனால் வாரா வாரம் எழுதும் இரண்டு மணி நேர மாதிரித் தேர்வைக் காலை பத்துக்கு வைத்துக்கொண்டாள். "இதுல ஒண்ணு ராகு காலத்துல விழுந்தாப் போதுங்க, மாமா மொத்தத்தையும் வேண்டாம்பாரு" என்று என்னிடம் சொன்னாள். கெட்டிக்காரி என்று நானும் மெச்சிக்கொண்டேன்.

மாதிரித் தேர்வு எழுதினால் நூறு பேரில் எத்தனை பேருக்கு முன்னால் நிற்கிறாய் என்று ஒரு எண் வரும். முதல் மாதம் அறுபத்தொன்று. ஓணம் முடிந்து எண்பது. ஐப்பசியில் தொண்ணூற்று நாலு வந்தது. அன்று சாயந்திரம் அவள் கறக்கும்போது ஏதோ பாட்டு முணுமுணுத்தாள். அவளை நான் கட்டிக்கொண்டு வந்த பிறகு மாட்டுச்சாளையில் பாட்டுக் கேட்டது அன்றுதான். எனக்கு ரொம்பச் சந்தோசமாக இருந்தது, கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

பரீட்சை ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதே நாளில் மூன்று வேளையாக நடத்துவார்கள், காலை எட்டரை, மதியம் பன்னிரண்டரை, சாயந்திரம் நாலரை. யாருக்கு எந்த வேளை என்பது ஹால் டிக்கெட் வந்தால்தான் தெரியும். வந்தது. கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு காலேஜ், சாயந்திரம் நாலரை.

நான் அப்பாவை நினைத்துப் பயந்தேன். பிரியா பயந்தது வேறு.

"ஏனுங்க, அஞ்சு மாசத்துல ஒரு நாகூட நான் அந்த நேரத்துல படிச்சதில்லீங்க" என்றாள். "நாலு மணிக்குக் கறவை. விடியால நாலுக்கு எந்திரிச்ச ஒடம்பு. அந்த நேரத்துல கை வேல செய்யும், தல செய்யாதுங்க." அன்று மாலை சோதித்துப் பார்க்கிறேன் என்று ஒரு பத்தியை எடுத்து வைத்துக்கொண்டாள். நாலே முக்காலுக்கு நான் போய்ப் பார்த்தபோது புத்தகத்தின் மேலேயே தூங்கிக்கொண்டிருந்தாள். பரீட்சைக்கு முன்னால் மிச்சம் இருந்தது இரண்டு ஞாயிறுதான்.

அப்பாவிடம் ஹால் டிக்கெட்டை அவளேதான் காட்டினாள். அவர் கண்ணாடி போட்டுப் படித்தார்.

"நேரத்த மாத்தச் சொல்லு."

"மாத்த மாட்டாங்க மாமா."

"அப்ப வேண்டாம்."

"ஒருக்கா எழுதுன்னு சொன்னீங்க மாமா. அந்த ஒருக்கா இன்னும் ஆகலீங்களே."

அவர் தோட்டத்துக்குப் போய்விட்டார். நான் அங்கேயேதான் நின்றிருந்தேன். முப்பத்திரண்டு வயதில், ஒரு லோடு தேங்காயை வைத்துக்கொண்டு வாளையார் செக்போஸ்ட்டில் அவ்வளவு பேரோடு மல்லுக்கட்டுகிறவன், சொந்த அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. இதை எழுதும்போதுகூட என் மேல் எனக்கே கோபம் வருகிறது.

முதல் ஞாயிறு வந்தது. பிரியா யாரையும் கேட்கவில்லை. நாலரை மணிக்கு ஹாலில், காலண்டருக்கு நேர் கீழே, லேப்டாப்பில் மாதிரித் தேர்வைத் திறந்துவைத்து உட்கார்ந்தாள். அன்றைக்குக் கறவை என்னுடையது. மூன்று மாட்டை எப்படியோ முடித்தேன். நாலாவது காலைத் தூக்கியது. வெள்ளச்சி என்னைப் பார்த்ததுமே திரும்பி நின்றுகொண்டாள். நான் கேனைத் தூக்கிக்கொண்டு ஓடிச் சேர்வதற்குள் சொசைட்டியில் அளவு முடித்துப் பூட்டிவிட்டார்கள். திரும்பி வந்தால் அப்பா வாசலில் நின்று ஜன்னல் வழியாக ஹாலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். பிரியா தலை தொங்கித் தொங்கி விழ, ஒவ்வொரு தடவையும் தொடையைக் கிள்ளிக் கிள்ளி நிமிர்ந்துகொண்டிருந்தாள்.

"பாத்தியா, அந்த நேரம் ஆகாதுன்னு நான் சொன்னேனல்ல" என்றார் அப்பா.

எனக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. கையில் பால் கேன், சட்டையெல்லாம் சாணி.

"நேரம் ஆகாததில்லீங்கப்பா. அவளுக்குப் பழக்கமில்ல. ஏன் பழக்கமில்ல தெரியுமா? நீங்க கோவிச்சுக்குவீங்கன்னு அஞ்சு மாசமா ராகு காலத்த ஒதுக்கி ஒதுக்கிப் படிச்சா. ஒரு நா தப்பல. கம்பியில குத்தி வெச்சிருக்கீங்கல்ல, எடுத்துப் பாருங்க. உங்களுக்குப் பயந்ததுதான் இப்ப அவ கழுத்தப் புடிச்சிருக்குது. நாலு வருசமா மாட்டையும் பாத்து, உங்களையும் பாத்து, நம்மள எல்லாத்தையும் பாத்துட்டா. ரெண்டு மணி நேரம் அவளுதுன்னு ஒண்ணு வேண்டாங்களா?"

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அப்பா என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அவர் உள்ளே போய்க் கம்பியோடு தாள்களை எடுத்து வந்தார். வாசல் நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தள்ளிப் படித்தார். ஆனி, ஆடி, ஆவணி. மேலே அச்சடித்த ராகு காலம், கீழே அவள் எழுதிய நேரம். வெளிச்சம் மங்குகிற வரை படித்தார். அப்புறம் கம்பியைக் கொண்டுபோய்ப் பழைய இடத்தில் மாட்டினார்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் ஒரு மணிக்கு, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பிரியாவிடம் வந்தார். "அம்மிணி, அதைய உங்கத்த கழுவட்டும். போய்ப் படுத்துத் தூங்கு. மூணரைக்கு எழுப்பறேன்." அவள் என்னைப் பார்த்தாள். நான் போ என்று கண்ணைக் காட்டினேன். மூன்றரைக்கு அவரே கதவைத் தட்டினார். நாலு மணிக்கு மாட்டுச்சாளையில் பார்த்தால், பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு, கெட்ட காலை நீட்டிவைத்துக்கொண்டு, அப்பா வெள்ளச்சியின் மடிக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். அவள் இரண்டு தடவை உதைத்தாள். மூன்றாம் தடவை விட்டுவிட்டாள். நாலு வருசம் கழித்து அவர் கறந்தார். சொசைட்டிக்கு நேரத்தில் பால் போயிற்று. ஹாலில் பிரியா அன்று தூங்கவில்லை.

பரீட்சைக்குக் கிளம்புகிற அன்று காலை, நல்ல நேரம் பார்த்து அப்பா அவள் பையை முன்னதாகவே எடுத்துப்போய் வண்டியில் வைத்தார். பிறகு கேட்டார். "உள்ள எப்ப உடுவாங்க?"

"நாலேகாலுக்கு மேல கேட்டச் சாத்திருவாங்க மாமா. அதுக்கு முன்னாலயே எடத்துல உக்காந்திருக்கோணும்."

"கணக்குப் போட்டுப் பாக்கத் தாள் குடுப்பாங்களா?"

"குடுப்பாங்க."

"அப்ப உக்காந்ததும் அதுல உன்ற பேர எழுதிப்போடு. நாலரைக்கு முன்னாலயே எழுதிரு. செவ்வாக்கெழம ஒரு பீச்சு பீச்சற மாதிரி" என்றார். ரொம்பக் கவலையோடு சொன்னார். எங்களுக்குச் சிரிக்கத் தோன்றவில்லை.

ஆறே முக்காலுக்கு அவள் வெளியே வந்தாள். கேட்டருகே ஓடிப்போய் எப்படி என்று கேட்டேன். "பேரு எழுதீட்டேங்க. தூங்கவே இல்ல" என்றாள்.

மார்கழியில் ரிசல்ட் வந்தது. எண்பத்தொன்பது. மோசமில்லை, ஆனால் அவள் மனதில் வைத்திருந்த காலேஜ்களுக்குப் போதாது. கடைசி நாற்பது நிமிடம் கை ஓடவில்லை என்றாள். புத்தகங்களை ஒரு அட்டைப்பெட்டியில் அடுக்கிக் கயிறு கட்டி, சிலாப் மேல் ஏற்றச் சொன்னாள். ஏற்றினேன். "இன்னொருக்கா எழுதலாமே" என்றேன். "மாமாகிட்ட ஒருக்கான்னு ஒத்துக்கிட்டேனுங்க" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. அன்று சாயந்திரம் மாட்டுச்சாளைக்குள் அவள் அழுததை வெள்ளச்சியும் நானும் மட்டும் பார்த்தோம். நான் தூணுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன். பாவி, பெண் பார்க்கப் போன அன்று வாயில் வந்த தாராளம் அன்று வரவில்லை.

வருசாவருசம் புதுக் காலண்டரைப் பொள்ளாச்சி உரக்கடையிலிருந்து அப்பாதான் வாங்கி வருவார். வந்ததும் நல்ல நேரம் பார்த்து ஆணியில் மாட்டுவார். இந்தத் தடவை டிசம்பர் இருபதுக்கே வாங்கி வந்துவிட்டார். பத்து நாள் அது கண்ணில் படவில்லை. பழையது தீர்ந்து, ஒன்றாம் தேதி காலை ஹாலில் ஆணி வெறுமனே இருந்தது. காலண்டர் பிரியா படிக்கும் மேஜை மேல் இருந்தது. அதன் மேல் ஒரு நீலப் பேனா.

"மாமா, காலண்டர் மாட்டலீங்களா?" என்றாள் பிரியா.

"நீ எழுதி முடிச்சிட்டுக் குடு. மாட்டிக்கறேன்."

"ஒருக்கான்னுதானுங்க மாமா சொன்னீங்க."

"நான் சொன்னது எனக்கு நெனப்பிருக்குது" என்றவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குக் கிளம்பிவிட்டார்.

அவள் கைவைக்கவில்லை. நான்தான் எடுத்துப் புரட்டினேன். முதல் ஞாயிற்றுக்கிழமையில், தேதிக்குக் கீழே அவள் எழுதும் அதே வெற்றிடத்தில், அப்பாவின் கோணல் எழுத்து இருந்தது. 'சாயந்திரம் கறவை நான். குப்பண்ணன்.' அடுத்த ஞாயிறு பார்த்தேன். அதிலும் இருந்தது. அதற்கடுத்ததிலும். பிரியா என் கையிலிருந்து பிடுங்கிக் கடைசி வரை தள்ளிப் பார்த்தாள். கார்த்திகை தாண்டி டிசம்பர் முடிய ஒரு ஞாயிறு விடவில்லை மனிதர்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "ஏனுங்க, அந்தப் பெட்டிய எறக்குங்க" என்றாள்.